முழங்கால் அளவு கண்ணீர்

அந்துவான் முசே ‘நான் நிரம்பி வழிகிறேன்’ என்ற பாட்டைப் பாடி முடித்த மறுநாள் காலையில் கடல் எழுந்து, கடற்கரைச் சாலையைத் தாண்டி, மஞ்சள் சுவர்களுக்கு இடையே புகுந்து, ரொட்டிக் கடை, தபாலாபீஸ், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, புதுச்சேரித் தெருக்களில் முழங்கால் அளவுக்கு நின்றுவிட்டது. சீறவில்லை, அலையடிக்கவில்லை, வாசலில் கழற்றிப் போட்ட ஒரு செருப்பைக்கூட அடித்துக்கொண்டு போகவில்லை. லீவுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி வந்தது, வசதியாக நின்றது, திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

ஊர் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது, அதற்குப் பிறகுதான் யோசித்தது. ரொட்டிக் கடைக்காரர் நீளநீளமான ரொட்டிகளை அண்டாவில் அடுக்கி மிதக்கவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். கோலம் போட வழியில்லாத பெண்கள் பூசணிப் பூவையும் செம்பருத்தியையும் தண்ணீர்மேல் பரப்பிவிட்டு, எதிர்வீட்டுப் பூ தங்கள் வாசலுக்கு மிதந்து வந்துவிட்டது என்றும், தங்கள் பூ எதிர்வீட்டுக்காரி வாசலில் போய் ஒட்டிக்கொண்டது என்றும் சண்டை போட்டார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நாற்சந்தியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஆட்டோக்களையும் மடவை மீன் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் கைகாட்டி அனுப்பினார். மீன்கள் ஆட்டோக்காரர்களைவிடச் சொன்ன பேச்சைக் கேட்டன என்பது அவருடைய அபிப்பிராயம்.

இது எங்கிருந்து வந்த தண்ணீர் என்ற கேள்வி சாயங்காலம்தான் எழுந்தது. கவுன்சிலர் ஜெயசீலன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, நடுத்தெருவில் நின்று, ஆள்காட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புக் கரிக்குதுய்யா. நேத்து மேடையில முசே அழுதாரு இல்ல? அவரு கண்ணீருதான் இது.”

தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்து சுண்டல் தின்ற ஊர் அது. கடலோடு படம் எடுத்துக்கொண்ட ஊர், கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லி நடக்கப் போன ஊர். ஆனால் அந்தத் தெருக்களில் இருந்த ஒருவரும் கடலை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அதனால் எல்லோரும் விரலை நனைத்து நக்கிப் பார்த்து, ஆமாம், உப்பாகத்தான் இருக்கிறது, கண்ணீர்தான், பாவம் மனுசன் எவ்வளவு அழுதிருக்கிறார் என்று உச்சுக்கொட்டினார்கள்.

அந்துவானின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர். அந்தப் புண்ணியத்தில் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படிப்பட்ட வீட்டு ஆம்பளைகளை ஊர் ‘முசே’ என்றுதான் கூப்பிடும். அந்துவான் பாரீசுக்குப் போய்ப் பாடகராகி, பெரிய பெயர் வாங்கி, கோடைக்குப் பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். பாட்டெல்லாம் பிரெஞ்சில், பாட்டெல்லாம் அவரைப் பற்றி. மெத்தை ரொம்ப மெத்தென்று இருப்பதால் தூக்கம் வராத துயரத்தைப் பற்றி ஒன்று. இடது புருவத்தைப் பற்றி ஒன்று. ரயில் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து உருகுகிற பாட்டு ஒன்று. அதன் வீடியோவில் முகத்துக்குப் பின்னால் ஒரு ஊரே எரிந்துகொண்டிருந்தது, எடுத்தவர்களும் கவனிக்கவில்லை, பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. ‘நான் நிரம்பி வழிகிறேன்’ பாட்டு, காதலி அவரை விட்டுப் போனதைப் பற்றியது. போகும்போது காபி மெஷினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்கிற இடத்தில்தான் அவருக்குக் கண்ணீர் வரும்.

அந்தக் கண்ணீருக்குப் பின்னால், இரண்டடி தள்ளி, கொஞ்சம் இடதுபக்கம் நின்று “ஊ… ஊ…” என்று பாடுகிறவள் பூங்காவனம். ஊருக்கு வடக்கே சுக்கான்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்ததால் பிரெஞ்சு வந்தது, காற்றிலே கத்திக் கூப்பிட்டுப் பழகிய வீட்டில் பிறந்ததால் குரல் வந்தது. அந்தக் குரலில் ஒரு சொல் பாடவும் யாரும் அவளைக் கேட்டதில்லை. முசே ஊருக்கு வரும்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. “சாப்பிட்டியா பூங்கா?” என்று தினமும் கேட்பார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், தனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்பதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு அவர்மேல் ஒரு பரிவு இருந்தது. காது கேட்காதவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரியான பரிவு.

கண்ணீர் விஷயத்தைச் சொல்ல ஊரார் திரண்டு வந்தபோது முசே மாடி ஜன்னலில் நின்றிருந்தார். தெரு முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்கச் சாயங்கால வெயில். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இவ்வளவா?” என்றார் கடைசியில், மெல்ல.

அந்தக் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது என்பது பின்னால் நின்ற பூங்காவனத்துக்கு மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கவுன்சிலர் தலைமையில் ஆறுதல் கமிட்டி ஒன்று அமைந்தது. முசே சிரித்தால் தண்ணீர் வடியும் என்பது கமிட்டியின் கொள்கை. பெண்கள் வடை சுட்டு, மீன் வறுத்து, பருத்திப்பால் காய்ச்சித் தலையில் சுமந்து தண்ணீரில் நடந்து வந்தார்கள். கல்யாணத் தரகர்கள் போட்டோக்களோடு படிக்கட்டில் வரிசை கட்டினார்கள். யாரோ ஒருவர் புதிய காபி மெஷினை மாலை போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் முசே குமுறி அழ, ஊர் பயந்துபோய் முழங்காலைப் பார்த்துக்கொண்டது. கண்ணீரைக் கலக்கக் கூடாது என்று தெருவில் எல்லோரும் காலைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக நடந்ததில், ஊருக்கே ஒரு நடனக்காரி நடை வந்துவிட்டது. வீடு பெருக்க வருகிறவர்களும், வெளிநாட்டுப் பயணிகளும், மெடல் குத்திக்கொண்ட பழைய பட்டாளத்துக்காரர்களும், எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி நடந்தார்கள். காலடியில் மீன்கள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டன.

செய்தி பாரீசுக்குப் போனதும் அங்கே இருந்த பாடகர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெற்கே காடு பற்றி எரிவது தன் பொறாமையால்தான் என்று ஒரு பாடகி அழுதுகொண்டே பேட்டி கொடுத்தாள். எங்கோ பாலைவன ஓரத்தில் மூன்று நாட்டுக்கு மழை பொய்த்தது தன் தனிமையால்தான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, அன்றைக்கே அதைப் பாட்டாக வெளியிட்டார். பனிமலை உருகுவது யாருடைய காதலால் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். புதிதாகப் பாட வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு உலகத்தில் எந்தக் கஷ்டமும் மிச்சம் இல்லாமல் போக, அவள் மனம் உடைந்து படுத்துவிட்டாள். பிறகு எங்கிருந்தோ ஒரு வெட்டுக்கிளிக் கூட்டம் கிளம்பி வந்து அவளைக் காப்பாற்றியது. டெலிவிஷனில் போர்ச் செய்தி வந்தால், செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு முன்னால், அது எந்தப் பாடகரின் மனதை அதிகம் பாதித்தது என்று சொன்னார்கள். உலகம் அந்தக் கோடையில் அப்படி ஒரு மயக்கத்தில் இருந்தது.

சுக்கான்குப்பத்தில் மட்டும் மயக்கம் இல்லை. அங்கே கடல் வந்து நிற்கவில்லை, தின்றது. புதுச்சேரிக்கு முன்னால் எப்போதோ கொட்டி வைத்த கருங்கல் அரண் இருந்தது. அதில் முட்டி வேகம் தணிந்த கடல் தெருவுக்குள் சாதுவாக வந்தது. அரண் முடிகிற இடத்தில் அத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு வடக்கே திரும்பி, குப்பத்து மணலைக் கரண்டியால் வழிப்பதுபோல் வழித்தது. தென்னைகள் போயின, வலை காய்கிற மேடு போயிற்று, முதல் வரிசை வீடுகள் போயின. இரண்டாவது வரிசையில் பூங்காவனத்தின் வீடு. அதில் அவள் அண்ணன் மஞ்சினியும், அண்ணியும், நடக்க முடியாத அப்பாவும் இருந்தார்கள். பூங்காவனம் பிறந்ததும் அந்த வீட்டில்தான்.

“எங்களுக்கும் நாலு லாரி கல்லு கொட்டுங்க” என்று குப்பம் வருஷக்கணக்காக அலைந்து, கெஞ்சி, மறியல் செய்து, கடைசியில் அந்தக் கோடையில்தான் லாரிகள் கிளம்பின. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி அடுக்கலாம் என்கிற அளவில் உடைத்த நல்ல கருங்கல். ஜூலை பதினாலு பிரெஞ்சுத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முசேவைப் பாட வைத்துக் குளிர்விப்பது என்று ஆறுதல் கமிட்டி முடிவு செய்திருந்தது. தண்ணீருக்கு மேலே மேடை போட வேண்டும், மேடைக்கு அடியில் கல் வேண்டும். கவுன்சிலர் நடுவழியில் கையை நீட்டினார், லாரிகள் கடற்கரைச் சாலைக்குத் திரும்பின.

“அவரு அழுகைய நிறுத்துனா உங்க குப்பத்துல கல்லுக்கே வேலை இல்லியே” என்று அவர் மஞ்சினிக்கு விளக்கினார். அதை அவர் முழு மனதோடு நம்பினார். நம்பாமல் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

பூங்காவனம் மறுநாள் ஒத்திகைக்குப் போனாள். முசே பியானோமேல் தலையைச் சாய்த்திருந்தார்.

“சாப்பிட்டியா பூங்கா? எனக்கு…”

“சாப்புடல முசே” என்றாள், முதல் முறையாகக் குறுக்கே. “வீட்டுப் பின்சுவரு விழுந்துடுச்சி. அப்பாவ முன்ரூமுல கெடத்தியிருக்கோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். இது உங்க கண்ணீரு இல்ல, கடலுன்னு சொல்லுங்க. அந்தக் கல்ல அவங்க எங்களுக்கு விட்டுடுவாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

“நீ இப்படிச் சொல்றது எவ்ளோ வலிக்குது தெரியுமா? எனக்கு?”

ஒரு சொட்டு அவர் தாடையிலிருந்து உருண்டு, பியானோமேல் கிடந்த அவள் கையில் விழுந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கடலில் பிறந்து வளர்ந்தவள், எந்தத் தண்ணீராக இருந்தாலும் முதலில் வாயில் வைத்துப் பார்க்கிற வீட்டுக்காரி. புறங்கையை நாக்கில் வைத்தாள்.

“உப்பே இல்ல முசே” என்றாள், ஆச்சரியப்படாமல். “பச்சத் தண்ணி.”

 முசே விரலால் தன் கன்னத்தைத் தொட்டு ருசித்தார். படியிறங்கிப் போய், வாசலில் நின்ற தண்ணீரில் விரலை நனைத்து அதையும் ருசித்தார். அதில் உப்பு இருந்தது, டீசல் இருந்தது, கருவாடு இருந்தது, யாரோ வீட்டு மஞ்சள் இருந்தது, யாரோ சாமிக்கு ஏற்றிய விளக்கெண்ணெய் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துவந்த ஒருவருக்குத் திடீரென்று பக்கத்தில் வேறு ஆட்கள் மூச்சுவிடுவது கேட்டது மாதிரி இருந்திருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்னோடது இல்ல பூங்கா.”

“அதத்தான் சொல்றேன்.”

“மேடையில சொல்லிடறேன்” என்றார். “சத்தியமா.”

அவள் நம்பினாள். குப்பத்துக்குப் போய், இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று அண்ணனிடமும் சொன்னாள்.

பதினாலாம் தேதி சாயங்காலம் ஊரே காகித விளக்குகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தது. மேலே ஆயிரம் விளக்கு, கீழே அதே ஆயிரம் விளக்கு, நடுவில் முழங்கால் இல்லாத மனிதர்கள். கல்மேடையில் முசே வெள்ளை உடுப்பில் நின்றார். பின்னால் இரண்டடி தள்ளிப் பூங்காவனம் நின்றாள். அவர் மைக்கைப் பிடித்தார், வாயைத் திறந்தார், ஒருநிமிஷம் தடுமாறினார். மேடையில் வெறுமனே பேசி அவருக்குப் பழக்கமில்லை. வாழ்க்கையில் எதைச் சொன்னாலும் மெட்டுப் போட்டே சொல்லிப் பழகிய தொண்டை, அதையும் மெட்டுப் போட்டுத்தான் சொன்னது.

“என்னோடது இல்ல, இந்தத் தண்ணீர் என்னோடது இல்ல…”

பிரெஞ்சிலும் பாடினார், தமிழிலும் பாடினார். அழகான மெட்டு. அதுதான் வினையாகப் போயிற்று.  முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார், அடுத்தவர் தலையாட்டினார், கவுன்சிலர் கை தட்டித் தாளம் போட்டார், விளக்குகள் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தன. என்னோடது இல்ல, என்னோடது இல்ல என்று ஊர் முழுக்கப் பாடியது. மனதில் இருந்த பாரமெல்லாம் இறங்கினாற்போல், முகமெல்லாம் மலர்ந்து, பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டுக்கொண்டு பாடியது. போனில் பார்த்துக்கொண்டிருந்த பாரீஸ் பாடியது. காட்டுத் தீக்குச் சொந்தம் கொண்டாடிய பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள், மழை பொய்க்க வைத்தவர் பாடினார், வழக்குப் போட்ட அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினார்கள். அதுவரை உலகத்துக் கஷ்டமெல்லாம் யாரோ ஒருவருடையதாகவாவது இருந்தது. அந்தச் சாயங்காலத்திலிருந்து அதுவும் இல்லை.

பூங்காவனம் அன்றைக்கு ‘ஊ’ பாடவில்லை. நான் சொல்லச் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார், வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கூட்டத்துக்கு நடுவே ஒரு படகு வந்தது. துடுப்புப் போட்டவன் மஞ்சினி. படகில் போர்வை சுற்றிய அப்பா, அவர் தலையை மடியில் வைத்திருந்த அண்ணி. அவர்களுக்குக் குறுக்கே, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கதவு. பாடுகிறவர்கள் பாடிக்கொண்டே வழிவிட்டார்கள். படகு மேடையில் வந்து இடித்து நின்றது.

“இது ஒண்ணுதான் கைக்குக் கெடச்சிது” என்றான் மஞ்சினி தங்கையைப் பார்த்து. அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அப்பாவை இறக்க வேண்டும், கதவு குறுக்கே கிடந்தது. மேடை ஓரத்தில் கை சும்மா இருந்த ஒரே ஆள் வெள்ளை உடுப்புக்காரர்தான். “அண்ணே, கொஞ்சம் இதப் புடிங்க” என்று கதவைத் தூக்கி அவரிடம் நீட்டினான்.

முசே மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கதவை வாங்கிக்கொண்டார். ஈரக் கதவு, நல்ல கனம். நிலையிலிருந்து பிய்ந்து வந்த கீல் ஒன்று அவர் உள்ளங்கையில் குத்தியது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நாலு பேர் கைபட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்திருந்தது. கதவின் நடுவில் வைத்திருந்த குங்குமப் பொட்டு தண்ணீரில் கரைந்து, ஒழுகி, அவர் சட்டையில் இறங்கியது. கீழே மாலை போட்ட மாதிரி விளக்குகள் ஆட, ஊர் என்னோடது இல்ல, என்னோடது இல்ல என்று அவர் மெட்டில் பாடிக்கொண்டே இருந்தது. அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவைச் சாத்தி வைக்க ஒரு வீடு வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது மாதிரி இருந்தது.

“யாரு வீடு?” என்றார்.

“எங்க வீடு முசே” என்றாள் பூங்காவனம்.

“அப்பா சாப்பிட்டாரா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“இல்ல” என்றாள்.

அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கதவின்மேல் விழப்போனது. அவள் விரலை நீட்டி அதை வாங்கினாள். பழக்கதோஷம், நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

கரித்தது.

  அவர் கதவை மெதுவாக மேடைமேல் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்.

“குப்பத்துல இன்னும் எத்தன வீடு நிக்குது?”

“பின்னால ரெண்டு வரிசை.”

“கல்லு எங்க இருக்கு பூங்கா?”

அவள் அவர் காலடியைப் பார்த்தாள். அவரும் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

பிறகு அந்துவான் முசே மேடையிலிருந்து தண்ணீரில் இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. கையால் துழாவி, மேடையின் விளிம்பிலிருந்து ஒரு கருங்கல்லை உருவி, இடுப்பை வளைத்துத் தூக்கப் பார்த்துத் தள்ளாடினார். ஒருவரும் படம் எடுக்கவில்லை. ஊர் பாட்டில் இருந்தது. பூங்காவனம் மறுமுனையைப் பிடிக்க இறங்கினாள்.

“அப்படியில்லண்ணே” என்றான் மஞ்சினி, அப்பாவையும் அண்ணியையும் இறக்கிவிட்டு வந்து. “முதுக வளைக்காதீங்க. முட்டிய மடக்கித் தூக்குங்க.”

அவர் முட்டியை மடக்கினார். கல் எழுந்தது. மூன்று பேருமாக அதைக் காலிப் படகில் வைத்துவிட்டு, அடுத்த கல்லுக்குக் குனிந்தார்கள்.